முதல் இசைத்தட்டு யாருக்குச் சொந்தம்?

ஹந்தானை மலையின் அடிவாரத்திலே பேராதனைப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. அதன் சரிவுகளிலே தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. மலை ஒன்றுதான், ஆனால் அதனை நோக்கும் கண்கள் இரண்டு வகையானவை. பல்கலைக்கழகத்து இளைஞனுக்கு அது காதலின் மலை, நிலவின் மலை. 1969இல் சுகதபால செனரத் யாப்பா இயக்கிய ‘ஹந்தானே கதாவ’ என்னும் சிங்களத் திரைப்படம் அம்மலையை நாடறியச் செய்தது. லயத்திலே பிறந்த பிள்ளைக்கோ அது தன் தாய் கொழுந்துக் கூடையுடன் ஏறி இறங்கிய மலை. மழையில் நனைந்து நிறுவைக்குக் காத்துநின்ற மலை. முதல் வகை ஹந்தானைக்குப் பாட்டும் இசைத்தட்டும் திரைப்படமும் கிடைத்தன. இரண்டாவது ஹந்தானைக்குப் பாட்டு மாத்திரமே இருந்தது; தட்டுக் கிடைக்கவில்லை. இந்த வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராயத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. என்னிடம் தமிழ் பயின்று, உயர்தரப் பரீட்சை எழுதிச் சென்ற நான்கு இளைஞர்கள் ஒரு வாத்தியக் குழு அமைத்திருக்கிறார்கள். இரண்டு மின் கிற்றார், ஒரு மேளத்தொகுதி, ஒத்துப்பாடும் நான்கு குரல்கள். துள்ளும் மெட்டு, காதைத் துளைக்கும் முழக்கம், ஆயினும் சொற்கள் தெளிவாகக் கேட்கும். கண்டி நகரில் வாடகை அறையொன்றில் தம் முதற் பாட்டுகளைப் பதிவுசெய்தார்கள். பின்னர் ஒரு மாலையில் அச்சிட்ட படிவம் ஒன்றைக் கொண்டுவந்து, “சேர், இதில் கையெழுத்து வைக்கலாமா?” என்று கேட்டார்கள். அவர்களுடைய பாட்டுகளை வெளியிட ஒரு கம்பனி முன்வந்திருந்தது. படிவத்தின் மூன்றாம் பக்கத்தில், பாட்டுகளின் உரிமை “உலகெங்கும், எக்காலத்துக்கும்” கம்பனியைச் சேரும் என்று எழுதப்பட்டிருந்தது. நான் உடனே விடை கூறவில்லை. அவர்களுக்குச் சொல்லவேண்டிய விடை ஒரு வரியில் அடங்குவதன்று. அறுபது ஆண்டு வரலாற்றில் அடங்கியிருப்பது.

1

இந்த இளைஞர்கள் வாசிக்கும் இசைக்கு மேனாட்டார் ‘பவர் பொப்’ என்று பெயரிட்டுள்ளனர். ‘த ஹூ’ என்னும் ஆங்கிலேயக் குழுவைச் சேர்ந்த பீற் ரவுண்ஷெண்ட் 1967இல் தம் குழுவின் இசையைக் குறிக்க இச்சொல்லைக் கையாண்டார். எளிதில் நினைவில் நிற்கும் மெட்டு, பல குரல்களின் ஒத்திசைவு, மின் கிற்றாரின் வன்மை ஆகிய மூன்றும் இணைந்ததே இவ்வகை. இதற்கு ஊற்றுக்கண் லிவர்ப்பூல் துறைமுகம் என்பதில் ஐயமில்லை. அந்நகரத்துச் சாதாரண குடும்பங்களின் பிள்ளைகள் நால்வர், பீற்றில்ஸ் என்னும் பெயருடன், உலகின் செவியையே திருப்பினர்.

அவர்களுடைய தொடக்கத்தை நினைவுகூர்தல் பயனுடையது. 1962ஆம் ஆண்டு முதல் நாளன்று டெக்கா கம்பனி அவர்களைப் பரீட்சித்துப் பார்த்து, வேண்டாம் என்று தள்ளிவிட்டது. அவ்வாண்டு ஒக்ரோபர் 5ஆந் திகதி ஈ.எம்.ஐ. கம்பனியின் கிளையொன்று அவர்களின் முதற் சிறுதட்டை வெளியிட்டது. 1963 பெப்ரவரி 11ஆந் திகதி, முதற் பெருந்தட்டுக்கான பத்துப் பாட்டுகளை ஒரே நாளில் பாடி முடித்தனர். தடிமன் பிடித்த தொண்டையோடு ஜோன் லெனன் கடைசிப் பாட்டைப் பாடியதை இசை வரலாற்றாசிரியர்கள் வியந்து எழுதுவர். நாம் வியக்கவேண்டியது வேறொன்று. இரண்டு பாட்டுகள் அடங்கிய ஒரு சிறுதட்டு விற்றால் குழுவுக்குக் கிடைத்தது ஒரு பெனி. அக்காலத்தில் ஒரு பவுணுக்கு 240 பெனி. முகாமையாளரின் பங்கு போக, தலைக்குக் கால் பெனியேனும் மிஞ்சவில்லை. அது மட்டுமன்று. பாட்டுகளின் உரிமையை ஆளுவதற்கென 1963இல் ஒரு வெளியீட்டுக் கம்பனி நிறுவப்பட்டது. 1969இல் அது எழுதியவர்களின் கையை விட்டுப் போயிற்று. 1985இல் அப்பாட்டுகள் 4 கோடியே 75 இலட்சம் டொலர் விலைக்கு மைக்கல் ஜாக்சன் என்னும் வேறொரு பாடகரிடம் போய்ச் சேர்ந்தன. காணி கைமாறுவதுபோலப் பாட்டுக் கைமாறியது. தம் பாட்டைத் தாமே பாடுவதற்கும், பாடியவர் இன்னொருவர் காணியில் நிற்கவேண்டிய நிலை தோன்றியது.

உலகிலேயே மிகப் பெரும் புகழ் பெற்ற குழுவின் நிலை இதுவென்றால், புகழ் பெறாதவர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

2

லிவர்ப்பூலின் அலை இலங்கைக் கரையை வானொலி வழியாக வந்தடைந்தது. 1925 டிசம்பர் 16ஆந் திகதி தொடங்கிய கொழும்பு வானொலி, பின்னர் ரேடியோ சிலோன் ஆகி, 1950இல் வர்த்தக சேவையைத் தொடக்கி, ஆசியா முழுவதும் செவிமடுக்கப்படும் நிலையமாக வளர்ந்தது. 1967 ஜனவரியில் அது கூட்டுத்தாபனமாயிற்று. அவ்வானொலியின் கதவு ஒரு கலைஞனை உயர்த்தவும் வல்லது, ஒழிக்கவும் வல்லது. இதற்குச் சுனில் சாந்தவின் வாழ்க்கை சான்று. சிங்களத்துக்கெனத் தனித்த இசை வேண்டும் என்று பாடிய அப்பெருங்கலைஞர், 1952இல் லக்னோவிலிருந்து ரத்தஞ்சங்கர் அழைக்கப்பட்டு வானொலிக் கலைஞர்கள் தரம்பிரிக்கப்பட்டபோது, அப்பரீட்சைக்கு உட்பட மறுத்தார். வட இந்திய இராகப் பயிற்சியை அளவுகோலாகக் கொண்டு சிங்களப் பாட்டை அளப்பது தகாது என்பது அவர் நிலைப்பாடு. அதன் விளைவாகப் பல்லாண்டுகள் வானொலிக்கு வெளியே நிற்க நேர்ந்தது. கதவைக் காப்பவன் யார், அவன் கையிலுள்ள அளவுகோல் எது என்னும் கேள்விகளை அன்றே அவர் எழுப்பினார்.

சாஸ்திரிய அளவுகோல் ஒருபுறம். ஹிந்தித் திரைமெட்டின் நகல் மறுபுறம். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழியொன்றை 1960களின் நடுப்பகுதியில் திறந்தவர்கள் ‘மூன்ஸ்டோன்ஸ்’ குழுவினர். கிளாரன்ஸ் விஜேவர்தன (1943–1996), அனஸ்லி மாலேவன ஆகிய இருவரும் அதன் தூண்கள். கிளாரன்ஸ் இரத்தினபுரிப் பகுதியில் ஹப்புகஸ்தென்னத் தோட்டத்தில் பணிபுரிந்தவர். அதாவது, இலங்கையின் முதற் குறிப்பிடத்தக்க கிற்றார்க் குழுக்களில் ஒன்று பிறந்த சூழல் கொழும்பின் நடனசாலை அன்று; தேயிலையும் றப்பரும் சூழ்ந்த மலைப்புறம். மின் கிற்றாரைச் சிங்கள இசைக்குக் கொண்டுவந்தவர் என்று கிளாரன்ஸைக் குறிப்பிடுவர். ஆங்கிலப் பாட்டை ஆங்கிலத்திலேயே பாடி மேட்டுக்குடியை மகிழ்வித்த குழுக்கள் அதற்கு முன்னரும் இருந்தன. மூன்ஸ்டோன்ஸ் குழுவினரோ, அதே வாத்தியங்களை ஏந்திச் சாதாரண மக்களின் பேச்சுமொழியில் புதிய பாட்டுகளை ஆக்கிப் பாடினர். கலை வரலாற்றில் இது சிறு மாற்றமன்று. மேட்டுக்குடியின் கருவி மக்கள் மொழிக்கு வந்துசேர்ந்தது.

அவர்களுடைய தொடக்ககாலத் தட்டில் இடம்பெற்ற ‘மாங்கோ நெந்தா’ என்னும் பாட்டு வானொலியில் ஒலித்து நாடெங்கும் பரவியது. வேர்ணன் கொறயா போன்ற ஒலிபரப்பாளர்கள் இளங்குழுக்களுக்கு ஆதரவு காட்டினர். சிறிது காலத்தில் ஜெரல்ட் விக்கிரமசூரிய என்பவரின் ‘சூரியா’ முத்திரை எழுந்தது. உள்ளூர் முத்திரையொன்று உள்ளூர்க் குழுக்களை நம்பித் தட்டு வெளியிட்டமை அக்காலத்தின் பெருந்துணிவு. 1970இல் மொறட்டுவையில் ஒரு குடும்பத்தார் அமைத்த ‘ஜிப்சீஸ்’ குழுவும் அம்முத்திரையின் கீழேயே தன் தொடக்கத் தட்டை வெளியிட்டது. அக்குழுவின் சுனில் பெரேரா 2021 செப்ரெம்பர் 6ஆந் திகதி மறையும்வரை அரை நூற்றாண்டு பாடினார். பிற்காலத்தில் ஆட்சியாளரையும் ஊழலையும் இனவெறியையும் நேர்நின்று கண்டித்தும் பேசினார்.

ஏழு அங்குல அகலமுள்ள அத்தட்டுகளில், பக்கத்துக்கு இரண்டாக நான்கு பாட்டுகள் அடங்கும். நான்கு பாட்டு என்பது சிறிதுதான். ஆனால் ஒருவன் இருந்தான், பாடினான், இன்னவாறு பாடினான் என்பதற்கு அந்நான்கு பாட்டுகளே சாசனம். கல்வெட்டில் பெயர் பொறித்த மன்னனை வரலாறு அறியும். அக்கல்லைச் சுமந்தவனை அறியாது. இசைத்தட்டும் இருபதாம் நூற்றாண்டின் கல்வெட்டேயாகும்.

3

இனித் தமிழின் நிலையைப் பார்ப்போம்.

இலங்கைத் தமிழ்ச் செவி நெடுங்காலமாகச் சென்னைத் திரையிசையின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. இதிலொரு விசித்திரம் உண்டு. 1952 முதல் அமைச்சர் பி. வி. கேஸ்கரின் ஆட்சியில் அகில இந்திய வானொலி திரைப்பாட்டுகளை ஒதுக்கிவைத்தது. தமிழகத்து மக்கள் தங்கள் பாட்டுகளைக் கேட்க இலங்கை வானொலியை நாடினர். இவ்வாறு, இலங்கையின் தமிழ் ஒலிபரப்பு தமிழகத்துக்குத் திரைப்பாட்டு வழங்கும் அங்காடியாகப் பெருமை பெற்றது. அப்பெருமையின் நிழலில், இலங்கைத் தமிழனின் சொந்தக் குரலுக்கு இடம் சுருங்கியது.

ஆயினும் குரல் அடங்கிவிடவில்லை. 1960களின் பிற்பகுதியில் திருகோணமலையைச் சேர்ந்த எம். பி. பரமேஷ் தம் சகோதரருடன் சேர்ந்து நடத்திய குழுவினர் பாடிய ‘உனக்குத் தெரியுமா’ இசைத்தட்டில் ஏறியது. இலங்கைத் தமிழ் மெல்லிசையின் முதல் தட்டென்று அதனைக் கொண்டாடுவோர் உளர். யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் கிற்றாரை ஏந்தி, ‘சின்ன மாமியே’, ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ முதலான பாட்டுகளைப் பாடினார். கிராமத்துக் கேலியும் குடிப்பழக்கத்தின் கேடும் வெளிநாட்டு மாப்பிள்ளை மோகமும் அவர் பாட்டுக்குப் பொருளாயின. பண்டிதர்கள் முகஞ்சுளித்தனர், பஸ்வண்டியில் பள்ளிக்கூடம் சென்ற பிள்ளைகள் பாடினர். ஏ. ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய ‘சுராங்கனி’ தமிழும் சிங்களமும் கைகோத்த பாட்டு. இரு மொழி பேசுவோர் ஒருவரையொருவர் ஐயுறத் தொடங்கிய நாட்டில், மீன் கொண்டுவருவதைப் பற்றிய ஒரு விளையாட்டுப் பாட்டு இரு மொழியையும் ஒரே மூச்சில் பாடவைத்தது. அரசியல்வாதிகளின் உடன்படிக்கைகள் கிழிக்கப்பட்டன. அப்பாட்டு மாத்திரம் கிழியாமல் நின்றது.

இவ்வளர்ச்சிக்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசு அந்நியச் செலாவணி நெருக்கடியின் காரணமாக இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. தென்னிந்தியச் சஞ்சிகைகளும் திரைப்படங்களும் தங்குதடையின்றி வந்துகுவிந்த நிலை மாறியது. உள்ளூர் எழுத்தும் உள்ளூர்த் திரைப்படமும் உள்ளூர்ப் பாட்டும் சற்றே மூச்சுவிட்டன. வானொலியில் ஈழத்து மெல்லிசைக்கு இடங் கிடைத்தது. கதவு சாத்தப்பட்டபோது வீட்டிலிருப்போரின் குரல் கேட்டது எனலாம். ஆனால் இதனை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையன்று. அதே அரசுதான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலைக் கொணர்ந்தது. 1972ஆம் ஆண்டு யாப்பில் ஒரு மதத்துக்கு முதலிடம் வழங்கியது. ஒரு கையால் பாட்டுக்கு வேலியமைத்து, மறு கையால் பாடுபவனின் எதிர்காலத்தைச் சுருக்கியது. முற்போக்காளராகிய நாம் முதலாவதைப் பாராட்டும்போது இரண்டாவதை மறைத்தலாகாது.

1977இல் சந்தை திறந்துவிடப்பட்டது. ஒலிநாடாக்கள் வந்துகுவிந்தன. எவரும் எதனையும் பிரதிசெய்து விற்கலாம் என்னும் நிலை தோன்றி, தட்டு வெளியிடும் தொழில் தளர்ந்தது. அதே ஆண்டு இனக்கலவரம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிப்பு. 1983 ஜூலையில் நாடெங்கும் தீ. எரிந்த வீடுகளிலே கிற்றாரும் இசைத்தட்டும் இருந்திருக்கும் என்பதை எவரும் கணக்கெடுக்கவில்லை. காலப்போக்கில் பாடகர்களும் சிதறினர். நித்தி கனகரத்தினம் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். மனோகரன் தமிழ்த் திரையுலகில் நடிகராகி, 2018 ஜனவரி 22ஆந் திகதி சென்னையிலே காலமானார். ‘சுராங்கனி’யோ அவருக்கு முன்னரே கடல் கடந்திருந்தது. 1977இல் இளையராஜா அம்மெட்டைத் திரைப்படமொன்றிற் கையாண்டார்; பின்னர் அது இந்தியாவின் பல மொழிகளில் ஒலித்தது. பாட்டை எல்லோரும் அறிவர். பாட்டின் ஊரை அறிந்தவர் சிலர். தட்டு அழியலாம், பாட்டு வாழும் என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் பாடியவன் பெயரின்றி வாழும் பாட்டு, தகப்பன் பெயரின்றிப் பள்ளிக்கூட இடாப்பில் பதியப்பட்ட பிள்ளையைப் போன்றதன்றோ?

4

இவையெல்லாம் சிறிய நாட்டின் வறுமையால் நேர்ந்த குறைகள் என்று சிலர் கருதக்கூடும். அவ்வாறன்று. செல்வத்திற் சிறந்த அமெரிக்காவிலேயே, பவர் பொப் இசையின் தலைசிறந்த முதல் தட்டு எனப் பின்னாளில் புகழப்பட்ட ஒன்றுக்கு நேர்ந்த கதி நம் கவனத்துக்குரியது.

மெம்பிஸ் நகரம் பருத்தியின் நகரம். கறுப்பினத்தாரின் உழைப்பால் எழுந்த நகரம். 1968 பெப்ரவரியில் அந்நகரத்துக் கறுப்பினச் சுகாதாரத் தொழிலாளர் இருவர் குப்பை வண்டியின் இயந்திரத்தில் நசுங்கி இறந்தனர். 1,300 தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தாமும் மனிதரே என்று எழுதிய அட்டைகளை ஏந்தி வீதியில் நடந்தனர். அவர்களுக்குத் துணைநிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4ஆந் திகதி அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கறுப்பின இசைக்குப் பெயர்பெற்ற ஸ்டாக்ஸ் என்னும் இசைத்தட்டுக் கம்பனியும் அந்நகரத்ததே. அதே 1968இல், தான் ஏழெட்டு ஆண்டுகளாக உருவாக்கிய பாட்டுகளின் மூலப்பதிவுகள் தனக்குச் சொந்தமல்ல என்பதை ஸ்டாக்ஸ் கண்டுகொண்டது. விநியோக ஒப்பந்தத்தின் ஒரு பிரிவிலே அவை அட்லாண்டிக் என்னும் பெருங்கம்பனிக்கு எழுதப்பட்டிருந்தன. கையெழுத்திட்டவர் அப்பிரிவைக் கருத்தூன்றிப் பார்க்கவில்லை. ஓட்டிஸ் ரெடிங் போன்ற மேதைகள் அந்நகரத்தில் பாடிய குரல்கள் ஒரு தாளின் வலிமையால் கைமாறின.

இந்நகரத்திலேதான் கிறிஸ் பெல், அலெக்ஸ் சில்ட்டன், அன்டி ஹம்மல், ஜோடி ஸ்டீவன்ஸ் என்னும் இளைஞர்கள் ‘பிக் ஸ்டார்’ என்னும் குழுவை அமைத்தனர். பதிவுக்கூடத்துக்கு எதிரேயிருந்த பலசரக்குக் கடையின் பெயரே குழுவின் பெயராயிற்று. 1972இல் அவர்களுடைய முதல் தட்டு வெளிவந்தது. ‘நம்பர் வன் ரெக்கோர்ட்’ என்று இளமையின் துணிவோடு அதற்குப் பெயரிட்டனர். விமர்சகர்கள் புகழ்ந்தனர். ஆனால் தட்டு கடைக்குப் போகவில்லை. அதனை விநியோகித்தது ஸ்டாக்ஸ். அக்கம்பனியின் வழிகள் கறுப்பின இசைக்கான கடைகளுக்கும் வானொலிகளுக்கும் பழகியவை. கிற்றார்க் குழுவின் தட்டை எங்கே கொண்டுசேர்ப்பது என்பது அங்குள்ளோருக்குத் தெரியவில்லை. பின்னர் கொலம்பியா என்னும் பெருங்கம்பனி விநியோகத்தை ஏற்றது. அது பழைய சிறு விநியோகத்தரை விலக்கிவைக்க, கடைகளில் இருந்த பிரதிகளும் திரும்பப்பெறப்பட்டன. பத்திரிகையில் பாராட்டைப் படித்துக் கடைக்குப் போனவன் வெறுங்கையுடன் திரும்பினான். விற்றவை 10,000 பிரதிக்கும் குறைவு.

அவ்வாண்டு முடிவிற் கிறிஸ் பெல் குழுவை விட்டு விலகினார். 1978இல் தம் இருபத்தேழாம் வயதில் மோட்டார் விபத்தில் இறந்தார். 1975இல் ஸ்டாக்ஸ் கம்பனி முறிந்தது. 1980களில் புதிய குழுக்கள் அத்தட்டைத் தேடிக் கண்டெடுத்து, தம் முன்னோர் என்று போற்றின. அதிலிருந்த பாட்டொன்று 1998இல் தொடங்கிய புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடரொன்றின் முகப்புப் பாட்டாயிற்று. ஒவ்வோர் ஒளிபரப்புக்கும் தமக்கு 70 டொலர் கிடைப்பதாக அலெக்ஸ் சில்ட்டன் நகைச்சுவையாகக் கூறினார். நகைப்புக்குரியதுதான், ஆனால் நகைக்க முடியவில்லை.

மெம்பிஸின் பாடம் இது: நல்ல பாட்டு தானாகவே மக்களைச் சேரும் என்பது ஒரு மயக்கம். பாடுபவனுக்கும் கேட்பவனுக்கும் இடையே பதிவுக்கூடம், தட்டு அழுத்தும் ஆலை, லொறி, கடை, வானொலி, ஒப்பந்தத் தாள் ஆகிய யாவும் நிற்கின்றன. அவை எவர் கையில் இருக்கின்றனவோ, கேட்கப்படும் உரிமையும் அவர் கையிலேயே இருக்கிறது.

5

இவ்வுண்மையைக் கையில் ஏந்திக்கொண்டு மீண்டும் நம் மலைக்கு வருவோம்.

மூன்ஸ்டோன்ஸ் குழுவின் கிற்றார் ஒலித்த அதே ஆண்டுகளில், இந்நாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழரில் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டின் பிரசைகளும் அல்லர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மனிதரைப் பங்கிடத் தொடங்கியது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று. மனிதரைக் கொழுந்துபோல நிறுத்துப் பிரித்த அக்காலத்தில் அவர்கள் பாடிக்கொண்டுதான் இருந்தனர். தப்பின் ஒலியில் காமன் கூத்து நடந்தது. கங்காணியைக் கேலிசெய்யும் பாட்டு, கடல் கடந்து வந்த துயரைச் சொல்லும் தாலாட்டு, மலைச்சரிவில் செத்துவிழுந்தவருக்கான ஒப்பாரி யாவும் இருந்தன. இசைத்தட்டுக் கம்பனிக்கு அவை சரக்காகத் தோன்றவில்லை. நாட்கூலியில் தட்டும் கருவியும் வாங்கமுடியாதவன் சந்தை ஆகமாட்டான். சந்தை ஆகாதவனின் குரல் பதிவாகாது. முதலாளித்துவத்தின் கணக்கு இவ்வளவு எளிதானது.

எழுத்திலாவது அக்குரலைக் காத்தவர் சிலர் உளர். தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் பாடிப் பிரசாரஞ் செய்தவர். 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் பாட்டுநூலை வெளியிட்டார். மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் அரசியலைப் பாடிய அப்பெண்மணியிடமிருந்து நமக்கு எஞ்சியிருப்பது அச்செழுத்து. தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராயிருந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவர் தொகுத்திராவிடின் அவற்றிற் பல லயத்தின் புகையோடு புகையாய்ப் போயிருக்கும்.

ஹந்தானையிலே 1925இல் கட்டப்பட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்று 2001இல் தேயிலை நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. கொழுந்தை உருட்டிய இயந்திரங்கள், உலர்த்திய இயந்திரங்கள், அவற்றை ஓட்டிய எஞ்சின்கள் எல்லாவற்றையும் அங்கே துலக்கி வைத்திருக்கிறார்கள். நன்று. இயந்திரமும் மனித உழைப்பின் சாட்சியே. ஆனால் மாணவர்களை அங்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் எழுவதுண்டு. இரும்புக்கு நான்கு மாடி கொடுத்த நாடு, அந்த இரும்புக்குத் தீனி போட்ட கைகளின் பாட்டுக்கு ஓர் அறை கொடுக்க எவ்வளவு காலமாகும்?

6

இப்பொழுது அந்த இளைஞர்களின் படிவத்துக்கு வருகிறேன்.

இன்று நிலை மாறிவிட்டது என்பர். பதிவுசெய்ய ஒரு கணினி போதும். வெளியிட ஒரு கைத்தொலைபேசி போதும். தட்டு அழுத்தும் ஆலையும் லொறியும் கடையும் வேண்டியதில்லை. இது உண்மை, இதனை இகழ்வதற்கில்லை. லயத்துப் பிள்ளையொருவன் தன் குரலைத் தானே உலகுக்கு அனுப்பக்கூடிய வசதி அவன் பாட்டனுக்கு இருக்கவில்லை. ஆனால் நடுவே நின்ற ஆலை மறைந்ததனால் நடுவே நின்ற உடைமை மறைந்துவிடவில்லை. முன்பு ஒரு பெனி. இன்று ஒருமுறை கேட்பதற்குச் சதத்தின் சிறு கூறு. முன்பு விநியோக ஒப்பந்தம். இன்று “உலகெங்கும், எக்காலத்துக்கும்” என்னும் மூன்றாம் பக்கம். கருவி மாறியிருக்கிறது, உறவு மாறவில்லை.

ஆதலால் அவர்களிடம் மூன்று செய்திகளைக் கூறினேன். முதலாவது: இந்நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பாட்டை ஆக்கியவனுக்கு அதன் உரிமை ஆக்கிய கணத்திலேயே பிறக்கிறது, எந்தக் கம்பனியும் அதனை அவனுக்கு வழங்கவேண்டியதில்லை. அவன் வாழ்நாளும் அதற்குப்பின் 70 ஆண்டுகளும் அது நிலைக்கிறது. அவன் கையெழுத்திட்டுக் கொடுத்தாலொழிய அது பிறரைச் சேராது. இரண்டாவது: வெளியிடும் அனுமதி வேறு, உடைமை வேறு. குறித்த காலத்துக்கு அனுமதி வழங்கலாம். மூலப்பதிவை மாத்திரம் கைவிடலாகாது. அதற்காக ஸ்டாக்ஸ் கம்பனியின் கதையைச் சொன்னேன். மூன்றாவது: நால்வரும் பாட்டை நால்வர் பெயரிலும் எழுதிவைக்கவேண்டும், எவர் எதனை ஆக்கினார் என்பதை இன்றே, நட்பு நன்றாயிருக்கும்போதே, எழுதிவைக்கவேண்டும். புகழ் வந்தபின் நினைவுகள் மாறுபடும்.

ஒருவன் கேட்டான்: “சேர், இதைச் சொன்னால் அவர்கள் எங்களை வேண்டாமென்று விட்டுவிட்டால்?”

அக்கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் தாய் இன்னும் கொழுந்து பறிக்கிறாள். அவன் கிற்றார் தவணையில் வாங்கியது. உரிமையை விற்காதே என்று மாதச் சம்பளம் பெறும் ஆசிரியன் உபதேசிப்பது எளிது. ஆதலால் தனித்து நிற்கச் சொல்வதனோடு நம் கடமை முடிவதில்லை. சங்கமின்றிக் கூலி உயர்ந்ததில்லை. பாட்டின் கூலியும் அவ்வாறே. மலையகத்து இளங்குழுக்கள் ஒன்றுசேர்ந்து, தம் பதிவுகளைத் தாமே வைத்துக் காக்கும் ஒரு கூட்டுறவை அமைத்தல் இயலாததன்று. பள்ளிக்கூடங்களும் வாசிகசாலைகளும் தொழிற்சங்கங்களும் அவர்களுக்கு மேடை அளிக்கலாம். பல்கலைக்கழகத்து மாணவர்கள் எஞ்சியிருக்கும் பழைய இசைத்தட்டுகளையும் முதியோர் நினைவிலுள்ள லயத்துப் பாட்டுகளையும் பாடியோர் பெயருடன் பதிவுசெய்யலாம். பெயரையும் சேர்த்துப் பதிவுசெய்வது இன்றியமையாதது.

இளைஞர்கள் மூன்றாம் பக்கத்திலுள்ள அந்தப் பிரிவைக் கோடிட்டு, “ஐந்தாண்டு அனுமதி மாத்திரம்” என்று எழுதி, படிவத்தைத் திருப்பி அனுப்பினார்கள். இக்கட்டுரை எழுதும்வரை மறுமொழி வரவில்லை. வராமலும் போகலாம். சென்ற ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கு மேலேயுள்ள மைதானத்தில் அவர்கள் வாசித்தார்கள். கொழுந்துக்குப் போய்த் திரும்பிய பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்று கேட்டனர். பாட்டு முடிந்ததும் ஒரு மூதாட்டி, “இது ஆர் கட்டின பாட்டு?” என்று வினவினாள்.

“நாங்க கட்டினது, ஆத்தா” என்றான் ஒருவன்.

அந்த விடையை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் அவன் சொல்லக்கூடியவனாயிருக்க வேண்டும்.